ஓடுறது பெரிசில்லை, நிக்கணும்: பிரேக் லைனிங் வந்த கதை

இந்தப் பதிவு கொஞ்சம் கிரீஸ் வாடை அடிக்கும். காமர்ஸ் படிக்கிறவனுக்கு பிரேக்கோட என்ன சோலின்னு வகுப்புத் தோழர்கள் கேட்பீங்க. படிச்சு முடிங்க, கடைசியில காஸ்டிங் கணக்கு ஒண்ணு இருக்கு :-)

வண்டி வாங்கும்போது எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "மைலேஜ் எவ்வளவு?". அடுத்தது, "இழுவை எப்படி?". "நல்லா நிற்குமா?" என்று கேட்ட ஆளை நான் பார்த்ததே இல்லை. ஆனால் வண்டியை ஓட வைக்கிறது எவ்வளவு பெரிய தொழிலோ, அதை நிறுத்துகிறதும் அவ்வளவு பெரிய தொழில். தமிழ்நாட்டில் அந்தத் தொழிலின் வேரைத் தோண்டினால் அது நம்ம திருநெல்வேலிச் சீமையில் வந்து நிற்கிறது. அந்தத் தொழிலுக்குள்ளே ஒரு கறுப்புப் பக்கமும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

செருப்புத் தோலில் ஆரம்பித்தது

நம்ம ஊரில் மோட்டார் வருவதற்கு முன்னால் மாட்டுவண்டிக்கு மாடுதான் எஞ்சின், மாடேதான் பிரேக். மூக்கணாங்கயிறை இழுத்துப் பிடித்தால் மாடு காலை ஊன்றும், வண்டி நிற்கும். மாடு இல்லாத வண்டி வந்ததும்தான் பிரச்சினை ஆரம்பித்தது.

1888 ஆகஸ்டில் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற பெண்மணி, கணவர் கார்ல் பென்ஸ் செய்த மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு, அவரிடம் சொல்லாமலே, இரண்டு பையன்களோடு மன்ஹைமில் இருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பினார். சுமார் 100 கிலோமீட்டர். அந்த வண்டிக்கு மரக்கட்டைதான் பிரேக். இறக்கங்களில் கட்டை தேய்ந்துபோக, வழியில் ஒரு செருப்புத் தைக்கிறவரிடம் நிறுத்தி அந்தக் கட்டை மேல் தோலை வைத்து அடிக்கச் சொன்னார். உலகத்தின் முதல் பிரேக் லைனிங் அதுதான் என்பார்கள். இன்றைக்கும் நம்ம ஒர்க் ஷாப்பில் "லைனிங் அடிக்கணும்" என்றுதானே சொல்கிறோம்? அந்த "அடிக்கிறது" அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

அடுத்தது இங்கிலாந்து. டெர்பிஷைர் மலைப்பகுதியில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர், குதிரை வண்டிகள் இறக்கத்தில் பிரேக் பிடிக்கப் படும் பாட்டைப் பார்த்தார். 1897-ல் பருத்தித் துணியை ஒருவகைத் தார்க் கரைசலில் ஊறவைத்து லைனிங் செய்தார். தன் பெயரின் எழுத்துக்களைக் கலைத்து ஓர் எழுத்தைக் கூடச் சேர்த்து ஃபெரோடோ என்று கம்பெனிக்குப் பெயர் வைத்தார். பருத்தி குதிரை வண்டிக்குப் போதும். மோட்டார் வண்டியின் சூட்டுக்குக் கருகிவிடும்.

1902-ல் ஃப்ரெடரிக் லான்செஸ்டர் என்ற இன்னொரு ஆங்கிலேயர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் போட்டது செம்பு லைனிங். நிற்கத்தான் செய்தது, ஆனால் கீச்சென்ற சத்தம் ஊரைக் கூட்டியது. அந்த நேரத்தில்தான் ஃப்ரூட் ஒரு புதுப் பொருளைப் பிடித்தார். நெருப்பில் போட்டாலும் எரியாத, நூல் மாதிரி நெய்யக்கூடிய, விலை மலிவான ஒரு கல். அதுதான் அஸ்பெஸ்டாஸ், தமிழில் கல்நார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அஸ்பெஸ்டாஸ் பிரேக்குக்குள் நுழைந்துவிட்டது. அதே காலத்தில்தான், 1907-ல், லியோ பேக்லேண்ட் பேக்கலைட் பிசினைக் கண்டுபிடித்தார். நாரைப் பிடித்துக் கட்டிவைக்க இந்த மாதிரிப் பிசின் பசையானது. நாரும் பிசினும் சேர்ந்த இந்தக் கூட்டணி ஏறத்தாழ 70, 80 வருஷம் உலகத்து வண்டிகளை நிறுத்தியது.

திருக்குறுங்குடியில் இருந்து பாடிக்கு

டிவிஎஸ் என்றால் எல்லாருக்கும் மொபெட்டும் மதுரையும்தான் ஞாபகம் வரும். அதில் முதல் எழுத்து என்ன ஊர் என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். திருக்குறுங்குடி! மகேந்திரகிரி மலை அடிவாரத்தில், நம்பி கோயில் இருக்கிற ஊர். டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1877 மார்ச் 22 அன்று அங்கேதான் பிறந்தார். வக்கீல் தொழில், ரயில்வே, வங்கி என்று சுற்றிவிட்டு, 1911-ல் மதுரையில் சொந்தக் கம்பெனி ஆரம்பித்தார். அப்புறம் பஸ் விட்டார், ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளுக்கு விநியோகஸ்தர் ஆனார். இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் கிடைக்காதபோது கேஸ் பிளான்ட் செய்து வண்டி ஓட வழி பண்ணினார். 1955-ல் காலமானார்.

அவர் காலத்தில் கம்பெனி முக்கியமாக விற்றதும் ஓட்டியதும்தான். வண்டி உதிரிபாகங்களைப் பெரிய அளவில் நாமே செய்வது அடுத்த தலைமுறையில் வந்தது. ஏன் அப்போது வந்தது? இங்கேதான் நம்ம பாடம் உள்ளே வருகிறது. 1950-களின் ஆரம்பத்தில் இந்திய அரசாங்கம், "பெட்டியில் வரும் பாகங்களை இங்கே கோர்த்து விற்கிற வேலை வேண்டாம், இங்கேயே உற்பத்தி செய்" என்று கொள்கை வகுத்தது. 1954-ல் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் இந்தியாவில் வண்டி கோர்க்கும் வேலையை மூட்டை கட்டின. அந்நியச் செலாவணி பஞ்சம் வேறு. லைசென்ஸ் இல்லாமல் ஒரு போல்ட் கூட இறக்குமதி ஆகாது. இங்கே செய்கிறவனுக்குச் சந்தை தயாராக இருந்தது.

அதனால்தான் சென்னையில் வரிசையாக இந்தக் கம்பெனிகள் முளைத்தன. 1962-ல் பாடியில் இரண்டு: ஏர் பிரேக் செய்ய இங்கிலாந்தின் கிளேட்டன் டிவாண்டருடன் சேர்ந்து சுந்தரம் கிளேட்டன், லூகாஸுடன் சேர்ந்து பிரேக்ஸ் இந்தியா. இரண்டும் டிவிஎஸ் குடும்பம். 1964-ல் இன்னொரு பழைய சென்னைக் குழுமமான ரானே, லைனிங்குக்கென்றே ரானே பிரேக் லைனிங்ஸை ஆரம்பித்தது. 1974-ல் அமெரிக்காவின் ஏபெக்ஸ் கம்பெனியுடன் சேர்ந்து சுந்தரம் ஏபெக்ஸ் வந்தது. பிற்பாடு அது சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் ஆனது, விருதுநகர் மாவட்டம் வரைக்கும் தொழிற்சாலை வைத்தது. ஆக, இந்தியாவில் லாரியோ பஸ்ஸோ பிக்கப்போ இறக்கத்தில் பிரேக் பிடித்தால், அதில் சென்னையின் கை இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அந்தக் கையின் பூர்வீகம் ஒரு பக்கம் திருக்குறுங்குடி. இதை நம்ம ஊர்க்காரன் என்ற பெருமையில்தான் சொல்கிறேன், மறைப்பானேன்.

தூளுக்குள்ளே இருந்த எமன்

இப்போது கறுப்புப் பக்கம். பிரேக் என்பது தேய்வதற்காகவே செய்த பொருள். தேய்ந்தால் தூளாகும். அந்தத் தூள் எங்கே போகும்? டிரம்முக்குள் கொஞ்சம், ரோட்டில் கொஞ்சம், டிரம்மைக் கழற்றுகிறவர் மூக்கில் மிச்சம்.

அஸ்பெஸ்டாஸ் ஆளைக் கொல்லும் என்பது நேற்றுத் தெரிந்த செய்தி இல்லை. 1924-லேயே இங்கிலாந்தின் ராச்டேலில் நெல்லி கெர்ஷா என்ற ஆலைத் தொழிலாளி 33 வயதில் இறந்தார். வில்லியம் குக் என்ற டாக்டர் அவர் நுரையீரலைப் பரிசோதித்து, உள்ளே கல்நார்த் துகள் இருப்பதை மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். அந்த அம்மாள் வேலை பார்த்தது டர்னர் பிரதர்ஸ் ஆலை. அதற்கடுத்த ஓரிரு வருஷத்தில் அந்தக் குழுமமேதான் ஃபெரோடோவை வாங்கியது என்பது வரலாற்றின் விளையாட்டு. 1931-ல் பிரிட்டனில் சட்டமே வந்தது. 1960-ல் தென்னாப்பிரிக்காவில் இருந்து வாக்னர் என்பவரும் கூட்டாளிகளும், நுரையீரலைச் சுற்றிய சவ்வில் வருகிற மீசோதீலியோமா என்ற புற்றுநோய்க்கும் அஸ்பெஸ்டாஸுக்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள்.

இதில் பெரிய வில்லங்கம் காலம்தான். இன்றைக்கு மூச்சில் போகிற நார், 20, 30, 40 வருஷம் கழித்து நோயாக வரும். கணக்குப்பதிவியல் பாஷையில் சொன்னால், லாபத்தை இந்த வருஷமே எடுத்துக்கொண்டு, செலவை 30 வருஷம் கழித்து வேறொருவர் பெயரில் எழுதுகிற வியாபாரம். அந்த வேறொருவர் பெரும்பாலும் தொழிலாளி.

தெரிந்தும் ஏன் விடவில்லை? மலிவு, சூடு தாங்கும், டிஸ்க்கையோ டிரம்மையோ அதிகம் அரிக்காது, சத்தம் போடாது. இத்தனை நல்ல குணமும் ஒரே பொருளில் வேறு எங்கேயும் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் 1989-ல் தடை போட்டார்கள், 1991-ல் நீதிமன்றம் அதில் பெரும்பகுதியை ரத்து செய்தது. மறுபடி கிரைசோடைல் என்ற வெள்ளை அஸ்பெஸ்டாஸுக்கு அங்கே தடை அறிவிப்பு வந்தது 2024 மார்ச்சில். ஆஸ்திரேலியா 2003 கடைசியிலும், ஐரோப்பிய ஒன்றியம் 2005 ஜனவரியிலும் கதவை மூடின.

இந்தியாவில்? 1995 ஜனவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு சொன்னது. குஜராத்தைச் சேர்ந்த ஒரு நுகர்வோர் அமைப்பு போட்ட வழக்கு அது. தொழிலாளியின் உடல்நலம் என்பது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தருகிற வாழ்வுரிமையில் அடக்கம் என்று நீதிபதிகள் சொன்னார்கள். அஸ்பெஸ்டாஸ் வேலையில் இருப்பவரின் உடல்நலப் பதிவேட்டை, சேர்ந்த நாளில் இருந்து 40 வருஷம் அல்லது ஓய்வு பெற்றபின் 15 வருஷம், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். நோய் உறுதியானால் 1 லட்சம் ரூபாய் இழப்பீடு. நல்ல தீர்ப்புதான். ஆனால் அது தொழிற்சாலைக்குள்ளே பதிவேட்டில் பேர் இருக்கிறவருக்கு. ரோட்டோரப் பட்டறையில் டிரம் கழற்றுகிற பையனுக்கு ஏது பதிவேடு? வெள்ளை அஸ்பெஸ்டாஸ் நம் நாட்டில் முழுமையாகத் தடை செய்யப்படவும் இல்லை. கூரை ஷீட்டாக இன்றும் எங்கும் நிற்கிறது.

மாற்றுப் பொருள் வந்தது, அதில் நம்ம ஊர்க் கொல்லாங்கொட்டையும்

அஸ்பெஸ்டாஸ் போன இடத்தை ஒரே பொருளால் நிரப்ப முடியவில்லை. அதனால் இன்றைய பிரேக் பேட் என்பது ஒரு கதம்பம். பத்துப் பதினைந்து பொருள் சேர்ந்தது. கம்பெனிக்குக் கம்பெனி பக்குவம் மாறும், வத்தக்குழம்பு மாதிரி.

நாருக்குப் பதில் இரும்புக் கம்பித் துகள், கண்ணாடி நார், அராமிட் நார். இந்த அராமிட் வகையில் பேர்போன கெவ்லாரை 1965-ல் டூபாண்ட் கம்பெனியில் கண்டுபிடித்தவர் ஸ்டெஃபனி குவோலக் என்ற பெண் விஞ்ஞானி. இடம் நிரப்ப பாரைட்ஸ். இந்தியாவில் அதற்குப் பேர்போன இடம் ஆந்திராவின் மங்கம்பேட்டை. வழவழப்புக்கு கிராஃபைட், அது நம்ம சிவகங்கையில் வெட்டி எடுக்கிறார்கள். பிடிமானத்துக்குக் கடினமான துகள் வேண்டும், அதற்கு சிர்க்கான் மாதிரித் தாதுக்கள். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி மணலில் பிரித்தெடுக்கிறார்களே, அதே சிர்க்கான்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்த பொருள். முந்திரி! நம்ம பக்கத்துப் பேச்சில் கொல்லாங்கொட்டை. பருப்பைத் தின்றுவிட்டு ஓட்டை எறிகிறோம். அந்த ஓட்டுக்குள் கையில் பட்டால் பொத்துப் போகிற ஒரு எண்ணெய் இருக்கிறது. 1920-30-களில் அமெரிக்காவில் மார்ட்டிமர் ஹார்வி என்பவர் இந்த எண்ணெயைப் பிசினாக்கும் வழிகளுக்குக் காப்புரிமை மேல் காப்புரிமை வாங்கினார். அதை இறுக வைத்துப் பொடித்தால் ஒரு பழுப்புத் தூள் கிடைக்கும். அதை பேடில் கலந்தால் சத்தம் குறையும், பிடிமானம் சீராகும். அளவு மீறினால் அதிகச் சூட்டில் பிடி தளரும், அது வேறு விஷயம். உலகத்தில் எங்கேயோ ஓடுகிற காரின் பிரேக்கில், கொல்லத்திலும் மார்த்தாண்டத்திலும் முந்திரி உடைக்கிற பெண்களின் கை கறுத்துப்போகக் காரணமான அதே எண்ணெய் இருக்கிறது. அடுத்த தடவை பாயசத்தில் முந்திரி வந்தால் யோசித்துப் பாருங்கள்.

சரி, பழைய பிக்கப்புக்கு எதைப் போட?

எங்கள் சித்தப்பா முக்கூடல் பக்கத்தில் இருந்து நயினார்குளம் மார்க்கெட்டுக்கு வாழைத்தார் ஏற்றுகிறார். பழைய பிக்கப். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பேட் மாற்றப் போன இடத்தில் நானும் கூட நின்றேன். மெக்கானிக் அண்ணாச்சி மூன்று டப்பாவை எடுத்து வைத்தார்.

"தம்பி, இது மெட்டல் கலந்தது, இது ஆர்கானிக்கு. இது டப்பால பேரு கெடையாது, ஆனா சல்லிசு. எது வேணும்?"

"வித்தியாசம் என்ன அண்ணாச்சி?"

"எல்லாம் நிக்கும். நீ துட்டு எவ்ளோ வச்சிருக்கன்னு சொல்லு."

அங்கேயே பேப்பரில் ஒரு கணக்குப் போட்டேன். கீழே உள்ள தொகையெல்லாம் கணக்குக்காக வைத்துக்கொண்டவை, உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு தடவை மாற்றக் கூலி 300 ரூபாய், டிஸ்க் ஜோடி 5,000 ரூபாய்.

ஆர்கானிக்: விலை 1,200, ஆயுள் 20,000 கி.மீ. பேடுக்கு கிலோமீட்டருக்கு 6 பைசா, கூலி 1.5 பைசா. டிஸ்க் 1,20,000 கி.மீ. வரும் என்றால் 4.17 பைசா. மொத்தம் 11.67 பைசா.

செமி மெட்டாலிக்: விலை 2,000, ஆயுள் 40,000 கி.மீ. பேடுக்கு 5 பைசா, கூலி 0.75 பைசா. ஆனால் இது டிஸ்க்கைத் தின்னும். டிஸ்க் 80,000 கி.மீ.தான் என்றால் 6.25 பைசா. மொத்தம் 12 பைசா.

பேர் இல்லாதது: விலை 500, ஆயுள் 10,000 கி.மீ. பேடுக்கு 5 பைசா, கூலி 3 பைசா, டிஸ்க் 4.17 பைசா. மொத்தம் 12.17 பைசா.

பார்த்தீர்களா? டப்பா விலையில் நாலு மடங்கு வித்தியாசம். கிலோமீட்டர் கணக்கில் அரைப் பைசாதான். வருஷம் 20,000 கி.மீ. ஓடினால், முதல் இரண்டுக்கும் நடுவே சுமார் 67 ரூபாய், முதலுக்கும் கடைசிக்கும் நடுவே 100 ரூபாய். சல்லிசு என்று சொன்னது சல்லிசே இல்லை!

அப்படியென்றால் முடிவை வேறு இடத்தில்தான் எடுக்க வேண்டும். எங்கே ஓடுகிறது, எவ்வளவு பாரம் என்பதில். பாரத்தோடு 2,500 கிலோ இருக்கிற வண்டி 1,000 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வையுங்கள். மாஞ்சோலையில் இருந்து மணிமுத்தாறு அடிவாரத்துக்கு இறங்குவது ஏறத்தாழ அந்த மாதிரிதான் (அங்கே தேயிலைத் தோட்டம் 2024-ல் மூடப்பட்டது, ரோடு இருக்கிறது). பிளஸ் டூ இயற்பியல்படி 2,500 x 9.8 x 1,000, அதாவது சுமார் 2 கோடியே 45 லட்சம் ஜூல். 80 லிட்டர் பச்சைத்தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுவரப் போதுமான சூடு. கியரைக் குறைத்து எஞ்சினால் கொஞ்சம் பிடிக்கலாம். மிச்சம் முழுவதும் உள்ளங்கை அளவு பேட் தலையில்தான். சுமார் 300 டிகிரிக்கு மேல் போனால் பிசின் ஆவியாகி, பெடல் கல் மாதிரி இருக்கும், வண்டி நிற்காது. மலைப்பாதைக்கும் முழுப் பாரத்துக்கும் சூட்டைத் தாங்கிக் கடத்துகிற செமி மெட்டாலிக்தான் சரி, கொஞ்சம் சத்தம் போட்டாலும். முக்கூடல் வழி மாதிரி சமவெளியில் மிதமான பாரத்துக்கு நல்ல ஆர்கானிக் போதும். செராமிக் என்பது அமைதியானது, தூசி குறைவு, ஆனால் விலைக்குத் தக்க பலன் காருக்குத்தான், பாரவண்டிக்கு இல்லை.

இன்னொரு குறிப்பு. பல பேடுகளின் ஓரத்தில் இரண்டு ஆங்கில எழுத்து அச்சடித்திருக்கும். முதலாவது சாதாரணச் சூட்டில் பிடிமானம், இரண்டாவது அதிகச் சூட்டில். இ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. எஃப் எஃப் இருந்தால் நல்லது. எஃப் இ என்று இருந்தால் சூடானால் தளரும் என்று அதுவே ஒப்புக்கொள்கிறது. பேர் இல்லாத டப்பாவில் எழுத்தும் இல்லை, அஸ்பெஸ்டாஸ் இல்லை என்ற வாசகமும் இல்லை. அதில் என்ன கலந்திருக்கிறது என்று விற்கிறவருக்கும் தெரியாது.

கணக்கில் வராத செலவு அந்தப் பட்டறையில் எதிரிலேயே நின்றது. பின் டிரம்மைக் கழற்றியதும், வேலைக்கு இருந்த பையன் கம்ப்ரஸர் குழாயை எடுத்து உஸ்ஸென்று ஊதினான். கறுப்புப் புகை மாதிரி தூள் எழும்பி அவன் முகத்தில் படிந்தது. முகத்தில் ஒரு துண்டு கூட இல்லை. அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "முப்பது வருசமா ஊதுதேன் தம்பி" என்றார். முப்பது வருஷம் என்ற அந்தக் கணக்குதான் எனக்குப் பயமாக இருந்தது. சித்தப்பா ஒரு வார்த்தை பேசாமல் வாளியில் தண்ணீர் மொண்டு வந்து, பழைய துணியை நனைத்து, அடுத்த டிரம்மை அவரே துடைத்தார். அவ்வளவுதான் வேலை. ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தால் போதும், துணியைப் பையில் கட்டி எறிந்தால் போதும். ஆர்கானிக் பேடைப் போட்டுக்கொண்டு வந்தோம்.

கடைசியாக ஒன்று

அஸ்பெஸ்டாஸோடு கதை முடியவில்லை. அதற்குப் பதிலாக வந்த பேடுகளில் பலவற்றில் செம்பு கலந்தார்கள். தேய்ந்த செம்புத்தூள் மழையில் கழுவி ஆற்றுக்குப் போய் மீனைப் பாதிக்கிறது என்று 2010-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவும் வாஷிங்டன் மாநிலமும் சட்டம் போட்டன. படிப்படியாகக் குறைத்து 2025-ல் 0.5 சதவீதம் என்ற வரம்பு வந்தது. 2024-ல் ஐரோப்பாவில் நிறைவேறிய யூரோ 7 விதி, முதன்முறையாகப் புகைக்குழாயோடு சேர்த்து பிரேக் தூசிக்கும் வரம்பு வைத்திருக்கிறது. பேரிலேயே தாமிரம் இருக்கிற ஆற்றங்கரையில் வாழ்கிற நமக்கு இது சிரிப்பாக இருக்கலாம். ஆனால் கொக்கிரகுளம் பாலத்தின் மேல் பிரேக் பிடிக்கிற ஒவ்வொரு வண்டியின் தூளும் அடுத்த மழையில் எங்கே போகும் என்று யோசித்தால் சிரிப்பு வராது.

தோல், பருத்தி, செம்பு, கல்நார், இரும்பு, கொல்லாங்கொட்டை. 130 வருஷத்துக்கு மேலாக ஒவ்வொரு பொருளும் முந்தினதன் குறையைத் தீர்க்க வந்து, தன் குறையோடு வந்திருக்கிறது. ஆகவே நண்பர்களே, உங்கள் அப்பாவோ மாமாவோ பழைய வண்டிக்குப் பேட் மாற்றப் போனால் கூடவே போங்கள். ஓரத்து எழுத்தைப் படியுங்கள், அஸ்பெஸ்டாஸ் இல்லை என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். யாராவது கம்ப்ரஸரை எடுத்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். அதற்கு ஆகிற செலவு ஒரு வாளித் தண்ணீர்.